சுப்பிரமணிய சிவா: தீர்ப்பில் எழுதாத தண்டம்

மண்டகப்பட்டில் ஆசிரியத் தொழில் புரியும் யாம், மாணவர்களைச் செஞ்சிக் கோட்டை காண அழைத்துச் செல்லுந்தோறும் ஆங்குள்ள கைதிக் கிணற்றருகே சிறிது நிற்பதுண்டு. பெரும்பாறையொன்றின் உட்குடைவே அக்கிணறு. தண்டம் பெற்றோரை அதனுள் எறிந்து பசியால் மாளவிடுவர் என்பது வழிவழிச் செய்தி. சென்ற முறை ஒரு சிறுவன், இக்காலச் சிறையில் வேளைதோறும் சோறு இடுவரன்றோ, பின்னர் ஆங்குத் துன்பம் ஏது என்று வினவினான். அவனுக்குக் கூறிய வரலாற்றையே சங்க அன்பர்களுக்கும் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டில் 1884-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள் சுப்பராமன் என்னும் பிள்ளைப் பெயருடன் தோன்றியவர் சிவா. 1908-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களோடு கூடி நின்று, கோரல் ஆலைத் தொழிலாளருக்காகவும் நாட்டு விடுதலைக்காகவும் மேடையேறி முழங்கினார். அவ்வாண்டு மார்ச்சு 12-ஆம் நாள் இருவரும் சிறைப்பட்டனர். ஜூலையில் திருநெல்வேலி நீதிபதி பிள்ளையவர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் 10 ஆண்டும் விதித்தார். உயர்நீதிமன்றம் அவற்றைக் குறைத்து இருவர்க்கும் 6 ஆண்டாக்கியது. தீர்ப்பில் எழுதப்பட்டது இவ்வளவே.

எழுதப்படாதது சிறைக்குள்ளே நிகழ்ந்தது. பிள்ளையவர்கள் கோவைச் சிறையில் மாட்டுக்கு ஈடாகச் செக்கிழுத்தார். சேலம் முதலிய சிறைகளில் வாடிய சிவாவைத் தொழுநோய் பற்றியது. அந்நோய் உடம்பில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து மெல்ல வெளிப்படும் இயல்பினது. ஆதலின் சிறையதிகாரி எவரும் அதற்குப் பொறுப்பேற்க நேர்ந்ததில்லை. எனினும் 23 வயதில் நல்லுடம்போடு உள்ளே சென்றவர், 1912 நவம்பரில் நோயாளராய் வெளிவந்தார் என்பது மறைக்கவொண்ணாத உண்மை.

அந்நாளில் அரசியற் கைதிக்கெனத் தனிநிலை இல்லை. அதனை வேண்டி லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாநோன்பிருந்து 1929 செப்டம்பர் 13-இல் ஜதீந்திரநாத தாஸ் உயிர் நீத்த பின்னரே, கைதிகளை மூவகுப்பாகப் பிரிக்கும் முறை எங்கும் வந்தது. வந்த முறையும் நேரியதன்று. செய்த குற்றத்தை மட்டும் நோக்காது, கல்வியையும் செல்வத்தையும் வாழ்க்கை நிலையையும் நோக்கி வகுப்பளித்தனர். ஒரே கூட்டத்தில் ஒரே சொல்லைச் சொல்லிச் சிறைபுகுந்தாலும், பண்டிதராகிய எமக்குக் கட்டிலும், எம் அண்டை வீட்டு உழவருக்கு வெறுந்தரையும் கிடைத்திருக்கும்.

அவ்வழக்கம் வெள்ளையரோடு ஒழிந்ததென எண்ணற்க. கைதிகளின் சாதியைப் பதிவேட்டிற் குறித்து, சிலரைச் சமையலுக்கும் சிலரைத் துப்புரவுக்கும் ஏவும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் நெடுங்காலம் நின்றன. 2024 அக்டோபர் 3-ஆம் நாள்தான் உச்சநீதிமன்றம் அவற்றைச் செல்லாவாக்கி, சாதிக்குரிய கட்டத்தையே பதிவேட்டினின்று நீக்கப் பணித்தது. சாதிச் சங்கமொன்றின் இதழில் இதனை எழுதக் கூசலாமோ என்று ஓரன்பர் கேட்டார். ஈண்டே எழுதுதல் வேண்டும் என்பது எம் கருத்து. 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் விசாரணை முடியாதவர்கள். சிவாவுக்கேனும் ஒரு தீர்ப்பு இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

சிவாவின் வரலாற்றுக்கு மீள்வோம். விடுதலையான பின் ‘ஞானபானு’ என்னும் இதழை நடத்தினார். ஊர்தோறும் சென்று பேசினார். 1921-இல் மீண்டும் சிறை புகுந்தார். தொழுநோயர் புகைவண்டியில் ஏறலாகாதென்று தடுத்தனர். புண்பட்ட காலோடு நடந்தும் கட்டைவண்டியில் ஊர்ந்தும் தமிழ்நாட்டைச் சுற்றினார். இத்தடை எந்த நீதிபதியும் விதித்ததன்று. சிறை தந்த நோய் விதித்தது. தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்குக் கோயிலெழுப்ப விழைந்து, 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அவர்களைக்கொண்டு அடிக்கல் நாட்டுவித்தார். 1925 ஜூலை 23-ஆம் நாள் அவ்வூரிலேயே, 41 வயது நிரம்புமுன் காலமானார். அவர் விழைந்த கோயில் அடிக்கல்லளவில் நின்றது. 2021-இல் தமிழக அரசு ஆங்கொரு நினைவாலயம் எழுப்பித் திறந்தது.