ஏ. பி. மோலர்

ஆர்னால்டு பீட்டர் மோலர் (அக்டோபர் 2, 1876 – ஜூன் 12, 1965) டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் தொழிலதிபர் ஆவார். இவர் மேர்ஸ்க் குழுமத்தைத் தோற்றுவித்தவர். வடகடலின் டேனியப் பகுதியில் எண்ணெய் தேடும் பணி இவர் பெற்ற உரிமத்தின் கீழ் தொடங்கியது.

வாழ்க்கை

மோலர் கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள டிராகோர் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை பீட்டர் மேர்ஸ்க் மோலர் ஒரு கப்பல் தலைவர். இங்கிலாந்திலும் ரஷ்யாவிலும் பணியாற்றித் திரும்பிய மோலர், 1904 இல் தந்தையுடன் இணைந்து ஸ்வென்போர்க் நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். இவருக்குப் பின் மகன் மேர்ஸ்க் மெக்கின்னி மோலர் (1913–2012) பொறுப்பேற்றார்.

எண்ணெய் உரிமம்

ஜூலை 8, 1962 அன்று டென்மார்க் அரசு, நிலத்தடி எண்ணெயையும் எரிவளியையும் தேடி எடுக்கும் தனியுரிமையை 50 ஆண்டுகளுக்கு மோலருக்கு வழங்கியது. அப்போது அவருக்கு வயது 85. இத்துறையில் முன் அனுபவம் இல்லாததால், அவரது நிறுவனம் ஷெல், கல்ஃப் ஆகிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்தது. 1966 இல் வடகடலில் தோண்டிய முதற் கிணற்றிலேயே எண்ணெய் காணப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே மோலர் காலமாகிவிட்டார்.

சுண்ணக்கட்டிப் பாறை

இங்கு எண்ணெய் பெரும்பாலும் சுண்ணக்கட்டிப் பாறையில் தங்கியுள்ளது. நுண்ணிய கடற்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான இப்பாறையில் துளைகள் மிகுதி. எனினும் அவை மிகச் சிறியவை என்பதால் எண்ணெய் எளிதில் நகர்வதில்லை. இயற்கையான வெடிப்புகள் உள்ள இடங்களில் மட்டுமே அது நன்கு பாயும். எனவே 1972 இல் உற்பத்தி தொடங்கிய டான் வயலின் செங்குத்துக் கிணறுகள் குறைந்த அளவே எண்ணெய் தந்தன.

1987 இல் அவ்வயலில் கிடைமட்டக் கிணறு தோண்டப்பட்டது. செங்குத்துக் கிணறு பாறைப் படுகையை அதன் தடிப்பளவுக்கே தொடுகிறது. கிடைமட்டக் கிணறோ படுகையின் வழியே நெடுந்தொலைவு சென்று பல வெடிப்புகளை ஊடறுக்கிறது. வெடிப்பு குறைந்த இடங்களில் நீர்ம அழுத்தத்தால் செயற்கை வெடிப்புகளும் உண்டாக்கப்பட்டன. 1990களில் டென்மார்க் எண்ணெயில் தன்னிறைவு அடைய இம்முறை பெரிதும் உதவியது.

விமர்சனமும் பின் நிகழ்வுகளும்

ஒரு நாட்டின் நிலத்தடி வளம் முழுவதையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது டென்மார்க்கில் நீண்டகால அரசியல் விவாதமாயிற்று. 1981 உடன்பாட்டின்படி உரிமப் பரப்பின் பெரும்பகுதி படிப்படியாக அரசிடம் திரும்பியது. 2012 இல் கூட்டமைப்பில் அரசு 20 விழுக்காடு பங்கு பெற்றது. மேர்ஸ்க் எண்ணெய் நிறுவனம் 2018 இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துக்குக் கைமாறியது.