நுண்பொருளின் தடம் தேடியவர்

மனித உடலை இயக்கும் பொருள்களுள் சில, தராசுக்கு எட்டாத அளவில் நுண்ணியவை. குடலின் அசைவு, குருதிக்குழாய்களின் சுருக்கம், உறக்கம், மனநிலை ஆகியவற்றில் பங்குகொள்ளும் செரோட்டோனின் அத்தகையது. அதனை முதன்முதலில் இனங்கண்டவர் இத்தாலிய மருந்தியல் அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமெர்.

இளமையும் கல்வியும்

ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள மலோஸ்கோ என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் எர்ஸ்பாமெர் பிறந்தார். அன்று ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த அப்பகுதி, முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலியுடன் இணைந்தது. பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவர் 1935இல் பட்டம் பெற்றார். குடலின் உட்சுவரில் குரோமிய உப்புகளால் நிறமேறும் ஒருவகைச் செல்கள் உள்ளன. அவற்றில் அடங்கிய பொருள் யாது என்னும் வினாவே அவர்தம் ஆய்வுக்கு வித்தாயிற்று.

தசையே தராசு

இத்துணை நுண்ணிய அளவைக் காட்டவல்ல வேதியியல் கருவிகள் அக்காலத்தில் இல்லை. ஆதலின் ஆய்வாளர்கள் உயிர்த்திசுவையே அளவுகோலாகக் கொண்டனர். எலியின் கருப்பைத் தசையை இளஞ்சூடான உப்புக்கரைசலில் தொங்கவிட்டு உயிர்வளி செலுத்துவர். தசை சுருங்குந்தோறும் அதனோடு இணைந்த நெம்புகோல், புகைக்கரி படிந்த சுழலுருளையில் கோடு வரையும். அளவறிந்த கரைசலால் எழும் கோட்டின் உயரத்தோடு, ஆய்வுக்குரிய சாற்றால் எழும் கோட்டின் உயரத்தை ஒப்பிட்டால் சாற்றிலுள்ள பொருளின் அளவு புலப்படும்.

முயலின் இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்சவ்விலிருந்து அசிட்டோன் கொண்டு வடித்த சாறு தசையைச் சுருங்கச் செய்வதை எர்ஸ்பாமெர் கண்டார். அது அட்ரீனலினே எனச் சிலர் கருதினர். அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதிச் செல்களும் குரோமிய உப்புகளால் நிறமேறுவதால் அவ்வையத்தைப் புறந்தள்ள இயலவில்லை. ஆயினும், அட்ரீனலின் குடல்தசையைத் தளர்த்தும். இச்சாறோ அதனைச் சுருக்கியது. எர்ஸ்பாமெர் ஆய்வைத் தொடர்ந்து, அது அதுவரை அறியப்படாத ஓர் அமீன் என்பதை வியாலியுடன் இணைந்து 1937இல் நிறுவினார். குடலில் உள்ள அமீன் என்னும் பொருளில் அதற்கு 'என்டரமின்' எனப் பெயரிட்டார்.

இருபெயர் ஒருபொருள்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகியோர் குருதிக்குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருளை மாட்டின் குருதிச் சீரத்திலிருந்து 1948இல் பிரித்தெடுத்து, 'செரோட்டோனின்' எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே ராப்போர்ட் அதன் வேதியமைப்பை வெளியிட்டார். என்டரமினும் செரோட்டோனினும் ஒன்றே என்பதை எர்ஸ்பாமெரும் அசெரோவும் 1952இல் மெய்ப்பித்தனர். முன்னர்க் கண்டவர் இட்ட பெயர் வழக்கொழிந்தது. பின்னர் இட்ட பெயரே நிலைத்தது. 

குடற்பொருள் சீரத்தில் காணப்பட்டதற்கும் காரணம் உண்டு. குடலில் உருவாகும் செரோட்டோனினைக் குருதித் தட்டுகள் ஏற்றுச் சேமிக்கின்றன. குருதி உறையும்போது அதனை வெளிவிடுகின்றன. எனவே, இன்றும் பிளாஸ்மாவில் அதனை அளக்க முற்படுவோர் தட்டுகள் சிதையாவண்ணம் மாதிரியைக் கையாளுதல் வேண்டும்; இன்றேல் அளவு பொய்க்கும்.

வளர்ந்த அளவியல்

ட்வாராக், பேஜ் ஆகியோர் செரோட்டோனின் மூளையிலும் இருப்பதை 1953இல் வெளியிட்டனர். 1955ஆம் ஆண்டளவில் ஒளிர்வை அளக்கும் கருவி தசையின் இடத்தைப் பெற்றது. பின்னர் நீர்ம வண்ணப்பிரிகை முறை வந்தது. செரோட்டோனின் சிதைந்து உண்டாகும் அமிலத்தைச் சிறுநீரில் அளந்து, கார்சினாய்டு என்னும் கட்டியைக் கண்டறியவும் இன்று வழியுண்டு.

பாரி, பார்மா, உரோம் ஆகிய நகரங்களில் பேராசிரியராக விளங்கிய எர்ஸ்பாமெர், எண்காலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் தவளைகளின் தோலிலும் புதிய பொருள்களைத் தேடினார். ஆக்டோபமின், பாம்பேசின், டெர்மார்பின் முதலியன அத்தேடலில் கிடைத்தவை. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் உரோம் நகரில் அவர் மறைந்தார். என்டரமின் என்னும் பெயர் இன்று வழக்கில் இல்லை. அப்பொருளை அளந்தறியும் ஒவ்வோர் ஆய்வகத்திலும் எர்ஸ்பாமெரின் உழைப்பு நின்று பயன் தருகிறது.