கைவிடப்பட்டோரின் வழக்கறிஞர் டோரத்தியா டிக்ஸ்

உடல் நோயுற்றவரைக் கண்டால் உலகம் இரங்குகிறது. மருந்து தேடி ஓடுகிறது. உள்ளம் நோயுற்றவரைக் கண்டாலோ அதே உலகம் நகைக்கிறது; அஞ்சுகிறது; பூட்டி வைக்கிறது. இருவரும் நோயாளிகளே, இருவருக்கும் மருத்துவமனையின் வாயில் திறந்திருக்க வேண்டும். இந்த எளிய உண்மையை ஒரு நாட்டின் சட்டமன்றங்களுக்கு எடுத்துரைப்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் டோரத்தியா டிக்ஸ் அம்மையார்.

அமெரிக்காவில், இன்றைய மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். பிறந்த வீட்டில் அமைதி இல்லை. சிறுமியாக இருந்தபோதே பாஸ்டன் நகரில் வாழ்ந்த பாட்டியாரிடம் அடைக்கலம் புகுந்தார். பதினான்கு வயதில் வூஸ்டர் நகரில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். இடைவிடா உழைப்பு உடலை உருக்கியது. 1836-இல் ஓய்வு நாடி இங்கிலாந்து சென்றார். குவேக்கர் சமயத்தார் யார்க் நகரில் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணிக்காமல் அன்போடு பேணி வந்த செய்தியை அங்கே அறிந்தார்.

1841-ஆம் ஆண்டு மார்ச் மாதம், கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறைச்சாலையில் பெண் கைதிகளுக்கு ஞாயிறு வகுப்பு நடத்தச் சென்றார். குற்றம் செய்தவர்களோடு, ஒரு குற்றமும் செய்யாத மனநோயாளிப் பெண்களும் அங்கே அடைபட்டுக் கிடந்தனர். உறையும் குளிர், கணப்பு இல்லை. காரணம் கேட்டபோது, இத்தகையோருக்குக் குளிர் உறைக்காது என்று பதில் வந்தது! அம்மையார் வழக்குமன்றத்தை நாடினார், கணப்பு வந்தது.

ஆனால் அவர் உள்ளம் அத்துடன் அமைதி கொள்ளவில்லை. ஒரு சிறையில் இந்த நிலை என்றால் மற்ற இடங்களில்? கையேடும் எழுதுகோலுமாக மாசச்சூசெட்ஸ் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சுற்றினார். கூண்டுகளிலும் நிலவறைகளிலும் தொழுவங்களிலும் நோயாளிகளைக் கண்டார். ஏழை நோயாளிகளை, யார் குறைந்த செலவில் வைத்துக்கொள்வாரோ அவரிடம் ஏலத்தில் ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தது. கண்டவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து 1843 ஜனவரியில் சட்டமன்றத்திற்கு விண்ணப்பமாக அளித்தார். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலம் அது. எனவே சாமுவேல் கிரிட்லி ஹவ் என்ற உறுப்பினர் அதனை அவையில் வைத்தார். அதிகாரிகள் சிலர் சினந்தனர்; மறுத்தனர். ஆனால் கணக்கோடும் இடத்தோடும் வந்த உண்மையை மறைக்க இயலவில்லை. வூஸ்டர் மருத்துவமனை விரிவாக்கப்பட்டது.

பின்னர் மாநிலம் மாநிலமாக இதே பணி. நியூ ஜெர்சியில் டிரென்டன் மருத்துவமனை 1848-இல் திறக்கப்பட்டது. வட கரோலினாவில் மசோதா தோற்கும் நிலையில் இருந்தது. அந்நாளில் டாபின் என்ற உறுப்பினரின் மனைவி நோய்ப்படுக்கையில் கிடந்தார். அம்மையார் அருகிருந்து பணிவிடை செய்தார். இறக்கும் தறுவாயில் அப்பெண்மணி அந்த மசோதாவுக்காகக் கணவரிடம் வேண்டிக்கொண்டார். துயரம் மாறாத டாபின் அவையில் எழுந்து பேசினார், மசோதா நிறைவேறியது.

பெருந்தோல்வியும் அவருக்கு வாய்த்தது. மனநோயாளர், பார்வையற்றோர், காதுகேளாதோர் ஆகியோரின் நலனுக்காக ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலத்தை ஒதுக்கும் மசோதாவை அமெரிக்கப் பேராயத்தின் இரு அவைகளும் ஏற்றன. ஆனால் 1854 மே மாதம் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் பியர்ஸ் அதனைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய அறப்பணி மாநிலங்களின் பொறுப்பே, நடுவண் அரசின் கடமை அன்று என்பது அவர் வாதம். மனமுடைந்த அம்மையார் ஐரோப்பா சென்றார், அங்கும் ஓய்ந்திருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் அவர் தூண்டுதலால் விசாரணைக் குழு அமைந்தது. 1857-இல் சட்டம் பிறந்தது.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது படைச் செவிலியர்களின் கண்காணிப்பாளரானார். காயமுற்ற எதிரிப் படையினருக்கும் அவருடைய செவிலியர்கள் தொண்டு செய்தனர்.

குறைகளும் உண்டு. தென் மாநிலங்களில் பல முறை பயணம் செய்த அவர், அடிமை முறையை எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை. அவர் முயற்சியால் எழுந்த மருத்துவமனைகளும் நாளடைவில் கூட்டம் நிரம்பி, குணப்படுத்தும் நோக்கம் மங்கி, அடைத்து வைக்கும் இடங்களாகச் சுருங்கின. கட்டடம் எழுப்பினால் மட்டும் போதாது, உள்ளே நிகழ்வதையும் ஓயாமல் கண்காணிக்க வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

1881-இல் தளர்ந்த உடலோடு டிரென்டன் மருத்துவமனைக்கே வந்து தங்கினார். தம் உழைப்பால் எழுந்த அந்த இல்லத்திலேயே 1887 ஜூலையில் கண்மூடினார்.

மாணவ நண்பர்களே! அன்று கணப்பை மறுத்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லி நாம் தப்பிவிட முடியாது. அவர்களுக்கு உணர்வில்லை என்ற ஒரு நினைப்பே அவர்கள் கையைத் தடுத்தது. எந்த நோயாளியைப் பற்றியும் அந்த நினைப்பு நம் நெஞ்சில் எழும்போது, அதைக் கேள்வி கேட்பதே அம்மையாருக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலி.