ஏழை நாராயணரின் பணியாளர்: சுவாமி அகண்டானந்தர்

பசித்து வந்தவனுக்கு ஒரு வேளை உணவளிப்பது புண்ணியம். அவன் மீண்டும் பசித்து வாராதவாறு அவனைத் தன் காலில் நிற்கச் செய்வது அதனினும் பெரிய தொண்டு. முன்னதை ஒருவர் தனித்தே செய்துவிடலாம். பின்னதற்கு ஊர் கூட வேண்டும். பல கைகள் இணைய வேண்டும். ஓரிடத்தில் நிலைத்து நின்று உழைக்கும் ஒரு மனிதரும் வேண்டும். வங்காளத்தின் ஒரு மூலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வாறு நின்று உழைத்தவர், பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடித் துறவிச் சீடர்களுள் ஒருவரான சுவாமி அகண்டானந்தர்.

இளமை

1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் கல்கத்தாவின் ஆஹிரிடோலாப் பகுதியில் ஓர் அந்தணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கங்காதர். பிறர் துன்பம் கண்டால் தாளாத உள்ளம் அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. ஒரு முறை தம் வகுப்பில் ஏழை மாணவன் ஒருவன் கிழிந்த சட்டையுடன் இருப்பதைக் கண்டார். உடனே தம் சட்டையைக் கழற்றி அவனுக்கு அணிவித்து, அந்தக் கிழிந்த சட்டையைத் தாம் அணிந்துகொண்டார்.

ஆசாரத்தில் அவர் மிகுந்த பற்றுடையவர். நாளில் பலமுறை நீராடுவதும், தாமே சமைத்து உண்பதும், தவமும் ஜபமுமாகக் காலம் கழிப்பதும் அவரது வழக்கம். தட்சிணேசுவரத்தில் தம்மை அடைந்த இந்த இளைஞரின் உள்ளத் தூய்மையை ஸ்ரீராமகிருஷ்ணர் போற்றினார். ஆயினும் இத்தகைய கடுமையான ஆசாரம் முதியவர்களுக்கே உரியது என்று உணர்த்தி, நரேந்திரருடன் பழகுமாறு பணித்தார். பின்னாளில் சுவாமி விவேகானந்தராக விளங்கிய அந்த நரேந்திரரே கங்காதரின் வாழ்வின் திசையைத் தீர்மானித்தார்.

மலையிலிருந்து மக்களிடம்

1886-இல் குருதேவர் மகாசமாதி அடைந்தபின், கங்காதரின் மனம் இமயத்தை நாடியது. கேதாரம், பத்ரி ஆகிய தலங்களைத் தரிசித்து, திபெத்திலும் தனியராய்த் திரிந்தார். கையில் பொருள் வைத்துக்கொள்ளாமல், கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் உறங்கி வாழ்ந்த அந்நாட்களே தம் வாழ்வின் இறுதிவரை தொடரும் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். இறைவனின் திருவுளம் வேறாக இருந்தது.

மேற்கு இந்தியாவில் பயணம் செய்தபோது ஜாம்நகரில் ஜண்டு பட் விட்டல்ஜி என்ற புகழ்பெற்ற ஆயுர்வேத மருத்துவரின் இல்லத்தில் தங்கினார். தமக்கெனச் சேர்த்து வைக்காமல் நோயாளிகளுக்கு வாரி வழங்கிய அந்த மருத்துவரின் வாழ்வு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அரண்மனைகளின் செழிப்பையும் குடிசைகளின் வறுமையையும் அடுத்தடுத்துக் காணக் காண, தவத்தில் மட்டும் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் தம் விருப்பத்தைத் தெரிவித்து, அப்போது அமெரிக்காவிலிருந்த சுவாமி விவேகானந்தருக்குக் கடிதம் எழுதினார்.

1894-இல் அதற்குப் பதில் வந்தது. அன்னையையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளும்படி வேதம் விதிக்கிறது. ஏழையையும் கல்லாதவனையும் அவ்வாறே தெய்வமாகக் கொள்ள வேண்டும் என்று சுவாமிஜி அதில் வலியுறுத்தியிருந்தார். கேத்ரியில் ஏழைகளின் வீடுதோறும் சென்று கற்பிக்குமாறும் பணித்திருந்தார். அகண்டானந்தர் அதைக் குருவின் ஆணையாகவே ஏற்றார். கேத்ரி மன்னரின் ஆதரவைப் பெற்றுக் கல்விக்காகப் பாடுபட்டார். அங்கிருந்த பள்ளியில் 80-ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 257-ஆக உயர்ந்தது. சுற்றியிருந்த சிற்றூர்களிலும் தொடக்கப் பள்ளிகள் எழுந்தன. மன்னரின் கருவூலமும் துறவியின் உழைப்பும் இணைந்தால் ஏழைக்கு எவ்வளவு நன்மை விளையும் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார்.

நான்கணாவும் ஒரு குடமும்

1897-ஆம் ஆண்டு. நாட்டின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டிய காலம். கங்கைக் கரை வழியே வடக்கு நோக்கி நடந்து சென்ற அகண்டானந்தர், மூர்ஷிதாபாத் மாவட்டத்தில் தாத்பூர் என்ற இடத்தை அடைந்தார். ஒரு காலத்தில் நவாபுகளின் தலைநகராகவும் பட்டு வாணிபத்தின் நிலைக்களமாகவும் விளங்கிய வளமான பூமி அது. அங்கே கந்தலாடை அணிந்த இஸ்லாமியச் சிறுமி ஒருத்தி, உடைந்த குடத்தின் அருகில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே குடம் அது. வெறுங்கையுடன் திரும்பினால் தாய் அடிப்பாள் என்று அஞ்சினாள்.

சுவாமிகளிடம் அப்போது இருந்தது நான்கணா மட்டுமே. அவளைக் கடைக்கு அழைத்துச் சென்று ஒரு புதிய குடமும், உண்பதற்குச் சிறிது பொரியும் வாங்கித் தந்தார். அதைக் கண்டு பசியால் வாடிய சிறுவர் சிறுமியர் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். எஞ்சிய காசுக்கும் பொரி வாங்கிப் பகிர்ந்தளித்தார். காசு தீர்ந்தது, பசி தீரவில்லை. அப்பால் சென்றபோது, கவனிப்பார் இன்றி நோயுற்றுக் கிடந்த ஒரு மூதாட்டியையும் கண்டார்.

மேலே பயணம் செய்ய முயன்றபோதெல்லாம் ஏதோ ஒன்று தம்மைத் தடுத்து நிறுத்துவதாக அவர் உணர்ந்தார். நாராயணன் இங்கே பசித்துக் கிடக்கையில், அவனைத் தேடி இமயத்திற்குச் செல்வது எவ்வாறு பொருந்தும்? மஹுலா என்ற சிற்றூரிலேயே தங்கிவிட்டார்.

இணைந்த கைகள்

தங்கிவிடுவது எளிது, அத்தனை பேருக்கு உணவளிப்பது எவ்வாறு? கையில் காசில்லாத துறவி தம் நிலையை ஆலம்பஜார் மடத்திற்கு எழுதினார். அந்த ஆண்டு மே 1-ஆம் நாள்தான் சுவாமி விவேகானந்தர் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியிருந்தார். மடத்திலிருந்து பணமும், உடன் உழைக்க இரு துறவியரும் வந்து சேர்ந்தனர். மே 15-ஆம் நாள் நிவாரணப் பணி தொடங்கியது. ராமகிருஷ்ண மிஷனின் முறையான பஞ்ச நிவாரணப் பணிகளுள் இதுவே முதலாவது.

பௌத்த அமைப்பான மகாபோதி சங்கம் பொருளுதவி செய்தது. மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்த லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் பணியை நேரில் கண்டு மகிழ்ந்து ஒத்துழைப்பு நல்கினார். இந்துத் துறவி ஒருவர் முன்னின்று நடத்த, பௌத்தர் பொருள் தர, ஆங்கிலேய அதிகாரி துணை நிற்க, இஸ்லாமியரும் இந்துக்களும் ஒரே வரிசையில் அரிசி பெற்றனர். அல்மோராவில் தங்கியிருந்த சுவாமிஜி இச்செய்திகளை அறிந்து பேருவகை கொண்டு, ஊக்கமூட்டும் கடிதங்களை எழுதினார்.

அரிசிக்குப் பின் என்ன?

பஞ்சம் தணிந்தபின் திரும்பிச் சென்றிருந்தாலும் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார். ஆனால் பெற்றோரை இழந்த குழந்தைகள் எங்கே செல்வார்கள்? பணி நடந்துகொண்டிருந்தபோதே இரு அநாதைச் சிறுவர்களை அவர் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். இவ்வாறு ஓர் அநாதை இல்லம் உருவாயிற்று. இஸ்லாமியக் குழந்தைகளையும் ஏற்க வேண்டும். அவர்களுடைய சமய நெறியில் ஒருபோதும் தலையிடலாகாது என்று சுவாமிஜி எழுதியனுப்பிய நெறியை அகண்டானந்தர் வழுவாது பின்பற்றினார்.

மஹுலாவில் தொடங்கிய இல்லம், பின்னர் சார்காச்சியை அடுத்த சிவநகரில் ஒரு வீட்டில் பல ஆண்டுகள் நடைபெற்றது. சொந்த இடம் இல்லை. நிலையான வருவாய் இல்லை. மலேரியா அடிக்கடி வாட்டியது. குழந்தைகளுக்குத் தாயும் தந்தையும் ஆசிரியரும் மருத்துவப் பணியாளரும் அவரே. பகற்பள்ளியோடு, உழைத்து வாழும் எளியோருக்காக இரவுப் பள்ளியும் நடந்தது.

வெறும் எழுத்தறிவு வயிற்றை நிரப்பாது என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே நெசவு, தச்சு, தையல், பட்டுப்புழு வளர்ப்பு ஆகியவற்றைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற மண்ணின் பிள்ளைகளுக்கு அந்த மண்ணின் தொழிலையே திரும்பக் கொடுத்தது அவரது திட்டம். மாணவர்கள் செய்த பொருட்கள் பஞ்சேடியாவில் நடைபெற்ற தொழிற் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றன. பிச்சைக்கு ஏந்திய கைகள் பரிசுக்கு உயர்ந்ததைக் கண்டு அந்தத் துறவி அடைந்த மகிழ்ச்சிக்கு அளவேது!

1913-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆசிரமம் சார்காச்சியில் தனக்கென வாங்கிய நிலத்திற்கு மாறியது. பிற இடங்களின் துயரையும் அவர் மறக்கவில்லை. 1899-இல் பாகல்பூர்ப் பகுதியில் வெள்ளம் பெருகியபோது அங்கு விரைந்து பணியாற்றினார். 1934-இல் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது, எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த நிலையிலும் முங்கேர், பாகல்பூர் பகுதிகளுக்கு நேரில் சென்றார்.

தலைமைப் பொறுப்பிலும்

1925-இல் ராமகிருஷ்ண மடம், மிஷனின் துணைத் தலைவராகவும், 1934-இல் சுவாமி சிவானந்தரின் மகாசமாதிக்குப் பின் அதன் மூன்றாவது தலைவராகவும் பொறுப்பேற்றார். உயர்ந்த பதவி வந்தபோதும் அவர் மனம் சார்காச்சியின் குழந்தைகளையும் மரங்களையும் விட்டு அகலவில்லை. பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் பேலூர் மடத்தில் மகாசமாதி அடைந்தார்.

நான்கணாவைக் கொண்டு ஒரு மாவட்டத்தின் பஞ்சத்தைப் போக்க இயலாது. ஆயினும் அந்த நான்கணாவைக் கொடுத்துவிட்டு நகர்ந்து செல்ல மனமில்லாத ஒருவர் அங்கே இருந்தார். அதனால் மடம் வந்தது, அன்பர்கள் வந்தனர், ஆட்சியாளர் வந்தனர், ஊர் வந்தது. உதவ வேண்டும் என்று எண்ணுபவர்கள் பொருள் சேரட்டும் என்று காத்திருக்கின்றனர். சுவாமி அகண்டானந்தரோ முதலில் நின்றார். மற்றவை அவரைத் தேடி வந்தன. நம் தெருவிலும் நம் ஊரிலும் நாராயணன் எந்த வடிவில் காத்திருக்கிறான் என்று நின்று பார்ப்பதே அந்த மகானுக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கமாகும்.