அகராதி தந்த ஆசான்

ஆங்கில இலக்கணத்தில் நம்மைப் பெரிதும் திணற வைப்பவை ஜெரண்டும் இன்ஃபினிடிவும் அன்றோ! தமிழில் 'படிக்க விரும்புகிறேன்' என்றாலும், 'படிப்பதை விரும்புகிறேன்' என்றாலும் பிழையில்லை. ஆங்கிலத்திலோ, 'வான்ட்' என்ற வினைக்குப் பின் 'டு ரீட்' என்கிறோம். 'என்ஜாய்' என்ற வினைக்குப் பின் 'ரீடிங்' என்றே சொல்ல வேண்டும். எந்த வினைக்கு எது பொருந்தும் என்பதை அகராதியிலேயே காட்டித் தந்த பெருந்தகையே ஏ. எஸ். ஹார்ன்பி.

ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி 1898ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பட்டம் பெற்றபின், 1924இல் ஜப்பான் சென்று ஆங்கில ஆசிரியரானார். ஆங்கிலக் குழந்தை தாய்மடியில் கற்றுவிடும் வழக்குகளைப் பிறமொழியார் எங்கே தேடுவர்? ஆங்கிலேயருக்காக எழுந்த அகராதிகள் சொல்லின் பொருளைக் கூறின. அதை வாக்கியத்தில் அமைக்கும் முறையை விளக்கவில்லை.

இக்குறையைப் போக்க முனைந்த ஹாரல்ட் பாமர் என்னும் அறிஞருடன் டோக்கியோவில் இணைந்து உழைத்தார் ஹார்ன்பி. பின்னர் கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவர் துணையுடன் மாணவர்க்கென ஓர் அகராதியைத் தொகுத்தார். வினைகள் வரும் வாக்கிய அமைப்புகளை 25 வகையாகப் பிரித்து, எந்த வினை எவ்வகையில் வரும் என எண்ணிட்டுக் காட்டினார். 'ஸ்டாப் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்துதல். 'ஸ்டாப் டு டாக்' என்றால் பேசுவதற்காக நிற்றல். சிறு மாற்றம், பொருளோ தலைகீழ்!

1941 டிசம்பரில் ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. நேற்றுவரை ஆசானாக இருந்தவர் எதிரி நாட்டவராகிக் காவலில் வைக்கப்பட்டார். 1942இல் தாயகம் அனுப்பப்பட்டார். பல்லாண்டு உழைப்பு வீணாயிற்றோ? இல்லை! அதே ஆண்டு, போர் நடக்கும்போதே, டோக்கியோவிலிருந்த பதிப்பகம் அவ்வகராதியை வெளியிட்டது. பகை நாட்டவரின் நூல் என்று அதை ஒதுக்கவில்லை. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிடவே, அது உலகெங்கும் பரவியது. நாம் இன்று புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழி வந்ததே.

புகழும் பொருளும் சேர்ந்தபோதும் அவர் ஆசிரியர்களை மறக்கவில்லை. பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் மேற்பயிற்சி பெற 1961இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1978இல் மறைந்தார்.

மாணவர் இடறும் இடத்தைக் கண்டு நகையாமல், அங்கே விளக்கேற்றி வைத்தவர் ஹார்ன்பி. பொருளைப் பார்த்தவுடன் அகராதியை மூடிவிடாமல், அருகிலுள்ள எடுத்துக்காட்டையும் படிப்போம். நம்மைவிடச் சிறிய வகுப்புத் தங்கையர் தடுமாறினால், அன்புடன் அருகமர்ந்து சொல்லிக் கொடுப்போம். அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் நன்றி.