உடைந்த சைக்கிளும் உடையாத உள்ளமும்

பந்தயத்தில் முதலாவதாக வந்தவரின் பெயர் ஏட்டில் எழுதப்படும். கழுத்தில் மாலை விழும். ஏழாவதாக வந்தவரை யார் நினைப்பார்கள்? ஆனால் 1913ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் மாபெரும் சைக்கிள் பந்தயத்தில் ஏழாவதாக வந்த ஒருவரை உலகம் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்கவில்லை. அவர் பெயர் யூஜின் கிறிஸ்தோப்.

இவர் 1885ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் பாரிஸ் மாநகரை அடுத்த மலக்கோஃப் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் பூட்டுச் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். இரும்பைக் காய்ச்சவும், அடிக்கவும், அராவவும் அவருடைய கைகள் பழகின. அந்தப் பயிற்சி பிற்காலத்தில் எந்த இடத்தில் கைகொடுக்கப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பின்னர் அவர் சைக்கிள் வீரரானார். 1910ஆம் ஆண்டு இத்தாலியில் மிலான் நகரிலிருந்து சான்ரெமோ வரை நடந்த பந்தயத்தில், கொட்டும் பனியில் உடல் விறைத்துப் போக ஓட்டி முதற்பரிசு பெற்றார். அன்று புறப்பட்டவர்களில் மிகச் சிலரே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வெற்றிக்குப் பின் அவர் நெடுநாள் மருத்துவமனையில் கிடக்க வேண்டியிருந்தது. அவர் மனம் நாடியதோ ‘டூர் தெ பிரான்ஸ்’ என்னும் பெரும் பந்தயத்தை. 1912ஆம் ஆண்டில் அதில் இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு முதலிடத்தைப் பிடித்தே தீருவது என்று உறுதி பூண்டார்.

இந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்று தோழியர் அறிந்துகொள்ள வேண்டும். அது நடப்பது ஜூலை மாதம், ஐரோப்பாவின் கோடைக்காலம். நாட்டையே சுற்றி வரும் அப்பந்தயத்தில் ஒரே நாளில் முந்நூறு, நானூறு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டியிருந்தது. மலைப்பாதைகளில் தார் கிடையாது, கல்லும் புழுதியும்தான். கியர் மாற்றும் கருவியை அக்காலத்தில் அனுமதிக்கவில்லை. மாற்று டயர்களைத் தோளில் சுற்றிக்கொண்டு, வெயிலில் வியர்வை வழிய, கனத்த சைக்கிளை மிதித்து ஏற வேண்டும். எல்லாவற்றிலும் கடுமையான விதி ஒன்று இருந்தது. வழியில் சைக்கிள் பழுதானால் ஓட்டுகிறவரே அதைச் சரிசெய்ய வேண்டும். பிறர் உதவி கூடாது. வேறு சைக்கிளும் கூடாது.

1913ஆம் ஆண்டு ஜூலையில் பிரனீஸ் மலைத்தொடரைக் கடக்கும் நாள் வந்தது. பயோன் நகரிலிருந்து லுஷோன் வரை 326 கிலோமீட்டர். விடியுமுன்னே வீரர்கள் புறப்பட்டார்கள். முந்தின ஆண்டு வென்ற பெல்ஜிய நாட்டு வீரர் ஒடில் தெஃப்ரே அன்று களைத்துப்போய்ப் பந்தயத்தை விட்டே விலகிவிட்டார். ஆகவே ஒட்டுமொத்தக் கணக்கில் முதலிடம் கிறிஸ்தோப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மாலே கணவாயின் உச்சியை அவர் இரண்டாவதாகக் கடந்தார். இனி இறக்கம். விரைந்து இறங்கும் வேளையில், முன்சக்கரத்தைத் தாங்கும் ‘ஃபோர்க்’ என்னும் கவட்டை இரும்பு முறிந்துபோயிற்று!

அந்த மலைச்சரிவில் வீடில்லை, கடையில்லை. பின்னால் விட்டுவந்த வீரர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். ஆத்திரமும் துயரமும் பொங்கக் கண்ணீர் வடித்தார் கிறிஸ்தோப். ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கினார், முன்சக்கரத்தைக் கையில் பிடித்தார், நடக்கத் தொடங்கினார். சுமார் 14 கிலோமீட்டர் நடந்து, மலையடிவாரத்தில் புனித மரியாளின் பெயரைத் தாங்கிய சேந்த் மரி தெ கம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறை இருந்தது.

கொல்லர் மனமிரங்கி உதவ முன்வந்தார். ஆனால் பந்தய அதிகாரிகள் உடனிருந்தார்கள். கொல்லர் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார்கள். இளமையில் கற்ற தொழில் இப்போது துணைக்கு வந்தது. கிறிஸ்தோப் தாமே உலைமுன் நின்றார். இரும்பைக் காய்ச்சினார், சம்மட்டியால் அடித்தார், பொருத்தினார். ஒரு கையில் குறடு, மறு கையில் சம்மட்டி. துருத்தியை ஊதக் கை ஏது? பட்டறையில் நின்ற சிறுவன் ஒருவனைச் சிறிது நேரம் துருத்தியை இழுக்கச் சொன்னார். அதிகாரிகளோ அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிய வெகுநேரம் ஆயிற்று.

வேறொருவராயிருந்தால் இதற்குமேல் இரயில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார். கிறிஸ்தோப்போ சைக்கிளில் ஏறினார். இன்னும் இரண்டு மலைகள் எதிரே நின்றன. அவற்றையும் ஏறிக் கடந்து, அந்த நாளின் வெற்றி வீரருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பின்னால் லுஷோன் போய்ச் சேர்ந்தார். அங்கே பாராட்டு காத்திருந்ததா? தண்டனைதான் காத்திருந்தது. சிறுவன் துருத்தி ஊதியது பிறர் உதவியாம்! பத்து நிமிடம் தண்டனை விதித்து, பின்பு அதை மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. நான்கு மணி நேரம் இழந்தவருக்கு மூன்று நிமிடத் தண்டனை எதற்கு? ஆனால் அவர் அதையும் ஏற்றுக்கொண்டு மறுபடி ஓட்டி, பாரிஸ் வரை வந்து, ஏழாவதாக முடித்தார். பெல்ஜிய வீரர் பிலிப் தீஸ் வெற்றி பெற்றார்.

முதல் உலகப்போர் முடிந்து 1919ஆம் ஆண்டு பந்தயம் மீண்டும் நடந்தது. போரினால் சாலைகள் சிதைந்து கிடந்தன. முன்னணியில் இருப்பவரை மக்கள் அடையாளம் காண மஞ்சள் சட்டை அணிவிக்கும் வழக்கம் அவ்வாண்டுதான் தோன்றியது. ஜூலை 19ஆம் நாள் அதை முதன்முதல் அணிந்தவர் நம் கிறிஸ்தோப். வெற்றி நிச்சயம் என்று எல்லோரும் எண்ணியிருக்க, கடைசிக்கு முந்தின நாள், 468 கிலோமீட்டர் ஓட்டத்தில், மறுபடியும் அதே கவட்டை இரும்பு முறிந்தது! மறுபடியும் தம் கையாலேயே சரிசெய்தார். மூன்றாம் இடமே கிடைத்தது. ஆனால் பிரான்சு நாட்டு மக்கள் சும்மா இருக்கவில்லை. ஏழையும் செல்வரும் பணம் அனுப்பினார்கள். சேர்ந்த தொகை 13,000 பிராங்குக்கும் அதிகம், முதற்பரிசைவிடப் பெரிது!

1922ஆம் ஆண்டிலும் ஒரு மலை இறக்கத்தில் மூன்றாம் முறையாக அதே துன்பம் நேர்ந்தது. நாற்பதாம் வயதுவரை அவர் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டார். ஒருமுறைகூட வென்றதில்லை. 1970ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், 85ஆம் வயதில் காலமானார்.

இன்று அப்பந்தயத்தில் சைக்கிள் பழுதானால், பின்னால் வரும் காரிலிருந்து உடனே வேறொன்று கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் சேந்த் மரி தெ கம்பானில் அந்தப் பட்டறை இருந்த இடத்தில் கிறிஸ்தோப்பின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். அன்று வென்றவருக்கு அவ்வூரில் சிலை இல்லை.

தோழியரே, நம் சைக்கிளில் சங்கிலி கழன்றாலே யாராவது வரமாட்டார்களா என்று சாலையோரம் நிற்கிறோம். கணக்கில் ஒரு படி தவறினால் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்க மனம் தூண்டுகிறது. அப்போதெல்லாம் உலைமுன் நின்ற அந்த மனிதரை நினைத்துக்கொள்வோம். கையால் செய்யும் எந்த வேலையையும் இழிவென்று எண்ணாமல் கற்றுக்கொள்வோம். தொடங்கியதை நேர்மையாக முடிப்போம். பரிசு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மூன்று முறை உடைந்தது கிறிஸ்தோப்பின் சைக்கிள். அவர் உள்ளம் ஒருமுறையும் உடையவில்லை.