நாராயண குருவும் நாத்திகச் சீடரும்

பொன்முடி மலைகளுக்கும் அரபிக்கடலுக்கும் இடைப்பட்ட செம்பழந்தியில் 1856-ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குரு அவதரித்தார். தந்தையார் மாடன் ஆசான். தாயார் குட்டி அம்மாள். சம்ஸ்கிருதமும் தமிழும் கற்றுத் தேர்ந்த அவர், திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் மொழிபெயர்த்தார். குமரி நாட்டு மருந்துவாழ் மலைக் குகையில் தவமிருந்தார்.

1888-இல் நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புரத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் குலத்தில் பிறந்தவருக்கு அவ்வுரிமை ஏது என்று எதிர்ப்பு எழுந்தது. குருவோ, ஜாதி பேதமும் மத துவேஷமும் இன்றி யாவரும் சகோதரராய் வாழும் இடம் அது என்று அங்கே பொறிக்கச் செய்தார்.

அக்கொள்கைக்குச் சோதனை, சீடர் ஒருவர் வழியாகவே வந்தது. செறாயியைச் சேர்ந்த சகோதரன் ஐயப்பன் 1917 மே 29 அன்று, ஈழவரும் புலையரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் சமபந்தி விருந்தை நடத்தினார். சொந்த சமூகத்தாரே அவரை ஏசி ஒதுக்கினர். குருவோ அவரை ஆசீர்வதித்து, ஏசுபிரானைப் போலப் பொறுமை காக்கும்படி உபதேசித்தார். கலந்துண்பதிலும் கலப்பு மணத்திலும் குற்றமில்லை என்று 1921-இல் தம் கைப்பட எழுதி, அச்சீடரிடமே அளித்தார்.

சோதனை அத்துடன் முடியவில்லை. மனிதனுக்கு ஜாதி, மதம், தெய்வம் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றே என்பது குருவின் உபதேசம். ஐயப்பனோ அம்மூன்றும் வேண்டா, தர்மம் ஒன்றே போதும் என்று பிரசாரம் செய்தார். தெய்வ நம்பிக்கை நீங்கினால் ஒழுக்கமும் நீங்கிவிடும் என்று அஞ்சுவோர் எக்காலத்தும் உண்டு. குரு அவ்வாறு அஞ்சவில்லை, சீடரை விலக்கவுமில்லை.

இதனால் குருவின் இறைபக்தி குறைந்துவிடவில்லை. முருக்கும்புழை ஆலயத்தில் விக்கிரகத்திற்குப் பதிலாக சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்னும் சொற்களையே அவர் பிரதிஷ்டை செய்தார். நற்குணங்களே அங்கு வழிபாட்டுக்குரிய வடிவாயின. 1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில், நீதிபதி சதாசிவ ஐயர் தலைமையில், சர்வமத மகாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதற்கன்று, அறியவும் அறிவிக்கவுமே அது கூடியது. 1928 செப்டம்பர் 20 அன்று சிவகிரியில் மகாசமாதி அடைந்தார்.

மனிதன் நல்லவனாவதே மதத்தின் பயன் என்று குரு கொண்டார். அப்பயன் கைகூடிய இடத்தில், வந்த வழியைக் குறித்து அவர் வழக்காடவில்லை. செறாயியில் தெய்வத்தை வணங்கியோர் பலர் புலையரோடு உண்ண மறுத்தனர்; பின்னாளில் தெய்வம் வேண்டா என்றவரே அன்று அவர்களோடு அமர்ந்து உண்டார். நம்பிக்கையற்றவரின் ஒழுக்கத்தை அளக்க முற்படும் ஆஸ்திகர், தம் பந்தியில் யாருக்கு இடமுண்டு என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். அந்த ஆத்ம சோதனையே குருதேவருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.